ஸ்பெயின் தன் காலனி வணிகத்தைக் கைநழுவவிட்டது கடற்கொள்ளையர்களாலா?

நீங்கள் கேட்டது இது: இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசி மாதிரி ஒரு வெள்ளி மலை, பெரிய கப்பற்படை, பாதி அமெரிக்கக் கண்டம், இத்தனையும் கையில் இருந்தும் ஸ்பெயினால் தன் காலனிகளின் வணிகத்தைத் தன் பிடியில் வைத்துக்கொள்ள முடியாமல் போனதற்குக் கடற்கொள்ளையர்கள்தான் காரணமா? கொள்ளையரைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று மாதக் கடல் பயணத்துக்கு அப்பால் ஒரு துறைமுகத்தில் என்ன சரக்கு இறங்குகிறது, என்ன ஏறுகிறது என்பது ஸ்பெயினில் இருக்கும் அரசனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அவனால் என்ன செய்ய முடியும்? அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பேராசிரியர் இல்லை. அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தவன், வயிற்றுப்பாட்டுக்குத் தூத்துக்குடியில் 22 வருடம் சுங்கத் தரகு வேலை. ஸ்பானிஷ் தெரியாது, அதனால் ஸ்பெயினின் செவில் நகரக் காப்பகத்துப் பழைய ஆவணங்களை நேராகப் படித்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துத்தான் பேசுகிறேன். ஆனால் ஒரு சரக்குப் பட்டியலைப் பார்த்ததும் எங்கே பொய் இருக்கும் என்று மூக்கில் வியர்க்கும் பழக்கம் தொழிலால் வந்தது, இந்தப் பேரரசின் கதையைப் படிக்க அது நன்றாகவே உதவியது.

நேரடியான பதில்: இல்லை, கொள்ளையர் காரணம் இல்லை. கப்பல்களைக் காப்பதில் ஸ்பெயின் ஏறக்குறைய வெற்றிதான் பெற்றது. 1560களில் ஒழுங்குபடுத்திய முறைப்படி ஆண்டுக்கு இரண்டு கப்பல் கூட்டங்கள் காவல் கப்பல்களோடு கிளம்பும். ஒன்று மெக்சிகோவின் வெராக்ரூஸுக்கு. இன்னொன்று இன்றைய கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்கும் பனாமா பக்கத்து நோம்ப்ரே தே தியோஸுக்கும், 1590களின் கடைசியிலிருந்து அதற்குப் பதிலாகப் போர்ட்டோபெலோவுக்கும். திரும்பும்போது ஹவானாவில் சேர்ந்து, புயல் காலத்துக்கு முன் கிளம்பப் பார்ப்பார்கள். இப்படிப் போன கூட்டம் வெள்ளியோடு மொத்தமாக எதிரி கையில் சிக்கியது 1628ல், கியூபாவின் மத்தான்சாஸ் விரிகுடாவில், டச்சுக்காரர் பீட் ஹெய்னிடம். அந்தக் கூட்டத்தின் தளபதிக்கு ஆறு வருடம் கழித்து செவிலில் தலை போனது. 1656ல் ஆங்கிலேயர் சில கப்பல்களைப் பிடித்தார்கள், அடுத்த ஆண்டு தெனெரிஃபேயில் ஒரு கூட்டத்தையே எரித்தார்கள், ஆனால் வெள்ளி அதற்குள் கரையேறிவிட்டது. உண்மையில் கொள்ளையரை விடப் புயல்தான் அதிகம் தின்றது: 1622, 1715, 1733 என்று ஃபுளோரிடா கரையில் மூழ்கிய கப்பல்களை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டரை நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் இது மோசமான பாதுகாப்பு என்று யாரும் சொல்ல முடியாது. சினிமாவில் வருகிற ஒற்றைக்கண் கேப்டனை இங்கேயே இறக்கிவிட்டு மேலே போகலாம்.

பிடி நழுவியது கடலில் இல்லை, கவுன்ட்டரில்.

1503ல் செவிலில் ஓர் அலுவலகம் திறந்தார்கள், காசா தே கொன்த்ரத்தாசியோன் என்று பெயர். வணிக இல்லம் என்று சொல்லலாம், ஆனால் அது சுங்கம், துறைமுகக் கழகம், குடியேற்ற அலுவலகம், மாலுமிப் பள்ளி, வரைபடச் சாலை, நீதிமன்றம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அமெரிக்காவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும், ஆளும், மூட்டையும் அங்கே பதிவாக வேண்டும். திரும்பும் வெள்ளியும் அங்கேதான் வந்தாக வேண்டும். வெட்டிய வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு. 1543ல் செவில் வணிகர்கள் தங்கள் சங்கத்துக்கு அரச அனுமதி வாங்கி, இந்த ஒற்றை வாசலுக்கு இன்னொரு பூட்டும் போட்டார்கள். கடலை விட்டு எண்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் செவில். முகத்துவாரத்தில் மணல் திட்டு. கப்பல் பெரிதாகப் பெரிதாக அந்தத் திட்டைத் தாண்ட முடியாமல் சரக்கைப் படகில் மாற்ற வேண்டியிருந்தது. தோணியில் சரக்கு மாற்றுவதைப் பார்த்த எவருக்கும் தெரியும், இரவில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மூட்டை மாறும் இடத்தில் பட்டியல் என்பது வெறும் காகிதம். அப்படியும் 1717 வரை வாசலைக் கடலோரத் துறைமுகமான காதிசுக்கு மாற்றவில்லை. ஏன்? ஒரே வாசல் என்பதால் கண்காணிக்க எளிது என்று நினைத்தார்கள், அதோடு அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அரசனுக்குக் கடன் கொடுத்தவர்கள்.

இந்தக் கடன்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்பது என் கட்சி. பேரரசர் ஐந்தாம் சார்லஸும் மகன் இரண்டாம் பிலிப்பும் ஐரோப்பாவில் ஓயாமல் போர் நடத்தினார்கள். பிலிப் காலத்தில் மட்டும் 1557, 1560, 1575, 1596 என்று நான்கு முறை கடன்காரர்களுக்குக் கையை விரித்தார்கள். அமெரிக்க வெள்ளியில் அரசனின் பங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கப்பல் வருவதற்கு முன்பே அது இத்தாலியின் ஜெனோவா வட்டிக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்ததாக இருக்கும். அப்போது ஒரு காரியம் செய்தார்கள், அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கப்பலில் வந்த தனியார் வெள்ளியை, அதாவது நேர்மையாகப் பதிவு செய்து வரி கட்டிய வியாபாரியின் வெள்ளியை, அரசன் கடனாக எடுத்துக்கொள்வான், கையில் ஒரு பத்திரத்தைத் திணிப்பான். 1535ல் வட ஆப்பிரிக்காவின் துனிஸ் மீதான படையெடுப்புக்குப் பணம் வந்தது இப்படித்தான். அதற்கு அப்புறமும் பல தடவை நடந்தது. யோசித்துப் பாருங்கள்: ஒழுங்காகக் கணக்குக் காட்டியவன் வெள்ளி போய்விட்டது, ஒளித்துக் கொண்டுவந்தவன் வெள்ளி தப்பியது. இதைவிட நல்ல கடத்தல் பாடம் வேறு எந்தப் பள்ளியிலும் கிடைக்காது.

மேலே காவல் வரி வேறு. கப்பல் கூட்டத்தைக் காக்கும் போர்க்கப்பல்களுக்கான செலவைப் பதிவான சரக்கின் மீதே பங்கிட்டார்கள். ஆரம்பத்தில் சில சதவீதம். வரிக்குப் பயந்து ஆட்கள் பதிவைக் குறைக்க, அதே செலவு குறைந்த சரக்கின் மேல் விழ, விகிதம் ஏற, இன்னும் பலர் ஒளிக்க, 17ஆம் நூற்றாண்டில் சில ஆண்டுகளில் அது 30 சதவீதத்தையும் தாண்டியது. 1660ல் வேறு வழியில்லாமல், திரும்பி வரும் வெள்ளியைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற விதியையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் வணிகர் சங்கங்கள் மொத்தமாக ஒரு தொகை தரும். கப்பல் வந்ததும் சோதனை போடாமல் இருப்பதற்கு இன்னொரு தொகை, மன்னிப்புக் கட்டணம் மாதிரி. அரசனே தன் சட்டத்துக்கு விலை வைத்து விற்றான் என்று சொன்னால் மிகையில்லை. இந்தப் பத்தியில் சொன்னதற்கு ஆவணம் இருக்கிறது, ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை.

சண்டை இருப்பது அளவில். செவில் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தவர்கள் 1503 முதல் 1660 வரை 16,000 டன்னுக்கு மேல் வெள்ளி வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள், அந்தக் கணக்கில் 1620களுக்கு அப்புறம் வரத்து சரிகிறது. பல பாடப்புத்தகங்கள் இதை வைத்து ‘வெள்ளி தீர்ந்தது, ஸ்பெயின் வீழ்ந்தது’ என்று எழுதிவிட்டன. பிற்பாடு வந்த ஓர் ஆய்வு, அந்தக் காலத்து டச்சுப் பத்திரிகைகளிலும் தூதர்கள் அனுப்பிய செய்திகளிலும் வந்த சரக்கு விவரங்களைக் கூட்டிப் பார்த்து, 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளி குறையவில்லை, ஏறியிருக்கிறது என்றது. எது சரி? பதிவேடு சரிந்தது என்பது நிச்சயம். வெள்ளியும் அதே அளவுக்குச் சரிந்தது என்பதை நான் நம்பவில்லை. ஆனால் பத்திரிகைச் செய்தியும் துறைமுகத்து வாய்வார்த்தைதான், அதை வைத்து டன் கணக்குப் போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. கடத்தலின் அளவை யாராவது தசம புள்ளியோடு சொன்னால், அவர் எந்த நூற்றாண்டைப் பற்றிப் பேசினாலும் சரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

சரி, அந்தப் பக்கக் கரைக்கு வருவோம். எனக்குப் பிடித்த ஊர் புவனஸ் அயர்ஸ். 1580ல் இரண்டாவது முறையாக உருவான ஊர். ஆற்றின் பெயரே வெள்ளி ஆறு, ரியோ தே லா பிளாத்தா. ஆனால் சட்டப்படி அந்த ஊர் வழியாக வெள்ளி போகக் கூடாது. பொட்டோசியில் இருப்பவனுக்கு ஒரு கோடரி வேண்டுமென்றால் அது செவிலில் ஏறி, அட்லான்டிக்கைக் கடந்து, போர்ட்டோபெலோவில் இறங்கி, கோவேறு கழுதை முதுகில் பனாமா நிலச்சந்தியைத் தாண்டி, மறுபடி பசிபிக் கப்பல் ஏறி, பெருவின் தலைநகர் லிமாவின் துறைமுகமான கயாவோவில் இறங்கி, அப்புறம் மலை ஏறி நான்காயிரம் மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரி, கூலி, லாபம். புவனஸ் அயர்ஸிலிருந்து வண்டியிலும் கழுதையிலும் நேராகப் போனாலும் அதுவும் மாதக்கணக்கான தூரம்தான், ஆனாலும் பல மடங்கு மலிவு. லிமா வணிகர்கள் இதை விடுவார்களா? தடை மேல் தடை வாங்கினார்கள். 1620களில் உள்நாட்டிலேயே கோர்தோபா ஊரில் ஒரு சுங்கச்சாவடி வைத்தார்கள், புவனஸ் அயர்ஸில் இறங்கிய சரக்கு மேலே ஏறாமல் தடுக்க. சொந்த நாட்டுக்குள் சொந்தத் துறைமுகத்துக்கு எதிராக வைத்த சாவடி!

அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, தொழில்முறையில் கையெடுத்துக் கும்பிட வேண்டியது. பிரேசிலிலிருந்தோ அங்கோலாவிலிருந்தோ போர்த்துகீசியக் கப்பல் ஒன்று சரக்கும் அடிமைகளுமாக வரும். புயலில் அடிபட்டோம், தண்ணீர் புகுகிறது, வேறு வழியில்லாமல் கரை ஒதுங்கினோம் என்று கேப்டன் சொல்வார். ஆபத்தில் வந்த கப்பலுக்கு இடம் கொடுப்பது கடல் தர்மம், சட்டமும் அதை ஒத்துக்கொள்ளும். உரிமம் இல்லாத சரக்கு என்பதால் அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள். பறிமுதல் சரக்கு ஏலத்துக்கு வரும். ஏலத்தில் யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள், ஏனென்றால் ஊருக்கே தெரியும் சரக்கு யாருடையது என்று. கொண்டுவந்தவரின் கூட்டாளியே அடிமாட்டு விலைக்கு எடுப்பார். இப்போது அவர் கையில் அரச முத்திரை போட்ட ஏலச் சீட்டு இருக்கிறது, சரக்கு சட்டபூர்வமாகிவிட்டது! அரசனுக்கும் ஏலத்தில் ஒரு பங்கு வந்தது, அதிகாரிக்கும் வந்தது, ஊருக்குத் துணியும் இரும்பும் வந்தன. இதில் ஏலம் போனவர்களில் மனிதர்களும் இருந்தார்கள், இந்த விவரத்தை ரசித்துக்கொண்டு போகும்போது அதை மறந்துவிடக் கூடாது.

இதை உடைக்கப் பார்த்த ஆளும் உண்டு. எர்னாந்தாரியாஸ் என்ற ஆளுநர், அந்தப் பகுதியிலேயே பிறந்தவர், கடத்தல் கூட்டத்தின் மேல் வழக்கு மேல் வழக்குப் போட்டார். 1618ல் அவர் இடத்துக்கு அடுத்தவர் வந்ததும் எர்னாந்தாரியாஸையே சிறை வைத்தார்கள். எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எடையில் வித்தியாசம் இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தேன், அன்று சாயங்காலமே எனக்கு வேறு மேஜை கொடுத்துவிட்டார்கள். எர்னாந்தாரியாஸ் பட்டதை நினைத்தால் நான் பட்டது தூசு.

அதிகாரிகள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் விஷயம் பாதிதான். அந்தப் பதவிகளே விலைக்கு வாங்கியவை. பெருவில் 1633லிருந்து கருவூலப் பதவிகளை முறையாக விற்க ஆரம்பித்தார்கள். 1687லிருந்து 1750 வரை அமெரிக்காவின் உயர்நீதிமன்ற நீதிபதிப் பதவிகளும் விலைக்குப் போயின. முதலீடு போட்டவன் வட்டியோடு எடுக்கத்தான் பார்ப்பான். வாங்கியவர்களில் நிறையப் பேர் அந்த ஊர்களிலேயே பிறந்த ஸ்பானிய வம்சத்தினர், வணிகர் வீட்டு மாப்பிள்ளைகள், தோட்டக்காரர்களுக்குச் சம்பந்திகள். ஸ்பெயினில் இருந்து வந்த ஆணையை மாமனாருக்கு எதிராக நிறைவேற்றும் மருமகன் எங்கே கிடைப்பான்?

இன்னொரு பழக்கம். பொருந்தாத அரச ஆணை ஒன்று வந்தால் வைஸ்ராய் அதை மரியாதையோடு வாங்கித் தலைமேல் வைத்து ‘கீழ்ப்படிகிறேன், ஆனால் நிறைவேற்றவில்லை’ என்பார். கிண்டல் இல்லை, சட்டமே அனுமதித்த வாசகம். அரசனுக்கு உள்ளூர் நிலவரம் தெரியாது, தெரிந்திருந்தால் இப்படி ஆணை போட்டிருக்க மாட்டார், அதனால் விளக்கம் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன் என்று அர்த்தம். லிமாவுக்கு ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம், அதுவரை பழைய நடைமுறை தொடரும். இதை அரசின் பலவீனம் என்பவர்கள் இருக்கிறார்கள். பேரரசு முந்நூறு வருடம் நின்றதற்கே இதுதான் காரணம் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. பெருவில் திராட்சைத் தோட்டம் போடாதே என்று தடை இருந்தது, தோட்டங்கள் பெருகின. அரசாங்கம் அபராதம் மாதிரி ஏதோ வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் இருந்தது. இழுத்துப் பிடித்திருந்தால் கயிறு அறுந்திருக்கும்.

கிழக்கே, ஸ்பெயினின் காலனியான பிலிப்பைன்ஸின் மணிலாவிலும் இதே நாடகம். 1565லிருந்து 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கும் நடுவே கப்பல் ஓடியது. சீனப் பட்டும், பீங்கானும், இந்தியத் துணியும் போகும், வெள்ளி திரும்பும். இதனால் ஸ்பெயினிலிருந்து வரும் துணி மெக்சிகோவில் விற்காது என்று செவில் அலறியதால், 1593ல் வரம்பு போட்டார்கள்: ஆண்டுக்கு இரண்டு கப்பல், தலா 300 டன், போகும் சரக்கின் மதிப்பு இரண்டரை லட்சம் பெசோ, வரும் வெள்ளி ஐந்து லட்சம் பெசோ. கப்பல்கள் ஆயிரம் டன்னைத் தாண்டியும் கட்டப்பட்டன, அதையும் ஒரு கப்பல் என்றே எண்ணினார்கள்! சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதுவது அன்றாடம். 1630களின் நடுவில் அக்கபுல்கோவுக்கு வந்த ஒரு கண்டிப்பான ஆய்வு அதிகாரி மூட்டைகளை உண்மையிலேயே பிரித்து மதிப்புப் போட்டார். மணிலா வியாபாரிகள் சரக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். கட்டுப்பாடு முழுமையாக வந்தது, வியாபாரம் போனது, அதிகாரி போனதும் பழையபடி.

நம் ஊர்த் தொடர்பு இங்கேதான் வருகிறது. மணிலா துறைமுகத்தில் ஆங்கிலேயக் கப்பலுக்கு அனுமதி கிடையாது. ஆனால் மதராஸிலிருந்து சோழமண்டலக் கரைத் துணி மணிலாவுக்குப் போய்க்கொண்டே இருந்தது, எப்படி? ஆர்மீனியர் பெயரில், போர்த்துகீசியர் பெயரில், முஸ்லிம் வணிகர் பெயரில். அதாவது பினாமி. செவிலிலும் இதே கதைதான், சரக்கு பிரெஞ்சுக்காரருடையது, டச்சுக்காரருடையது, ஜெனோவாக்காரருடையது, பெயர் மட்டும் ஸ்பானியருடையது. மணிலா வியாபாரத்தில் பணம் சேர்த்த ஆர்மீனியர் பெட்ரஸ் உஸ்கான்தான் 1726ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலம் கட்டினார், இப்போது மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடம். மெக்சிகோ வெள்ளி மதராஸ் வரை வந்து சேர்ந்ததற்கு இன்னொரு சாட்சி நாணயம்: 1807, 1808 வாக்கில் மதராஸ் நாணயசாலை ஸ்பானிய எட்டு ரியல் காசுகளின் மேலேயே அரை வராகனை அடித்தது. சில காசுகளில் புதிதாக அடித்த கோபுரத்துக்கு அடியில் பழைய ஸ்பானிய அச்சு மங்கலாகத் தெரியும்.

இனி 18ஆம் நூற்றாண்டு. 1700ல் ஸ்பெயின் அரியணை பூர்பன் வம்சத்துக்குப் போனது, பிரான்ஸ் பாணியில் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையோடு வந்தார்கள். ஆனால் 1713 உட்ரெக்ட் உடன்படிக்கையில் ஆங்கிலேயருக்கு முப்பது ஆண்டுக்கு அடிமை விற்கும் ஒப்பந்தமும், ஆண்டுக்கு 500 டன் கப்பல் ஒன்றைப் போர்ட்டோபெலோ சந்தைக்கு அனுப்பும் உரிமையும் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தக் கப்பலைப் பற்றிய கதை கேள்விப்பட்டிருப்பீர்கள்: பகலில் சரக்கு இறங்கும், இரவில் வேறு கப்பல்கள் வந்து அதை மறுபடி நிரப்பும், அதனால் ஒரு கப்பல் தீராத கப்பல். நல்ல கதை, எல்லாரும் சொல்கிறார்கள், கொஞ்சம் நடந்தும் இருக்கலாம். ஆனால் ஜமைக்காவிலிருந்து கிளம்பிய சிறு படகுகளும், அடிமைக் கப்பல்களில் மூலையில் வந்த மூட்டைகளும், வெனிசுவேலா கரைக்கு எதிரே குராசாவோ தீவில் உட்கார்ந்திருந்த டச்சுக்காரர்களும் அதைவிடப் பெரிய ஓட்டை என்றுதான் எனக்குப் படுகிறது. ஓர் ஊர்க்காரனுக்கு அவன் கொக்கோவுக்கு நல்ல விலை கொடுத்து, மாவும் துணியும் மலிவாகக் கொடுப்பவன் டச்சுக்காரன், ஆண்டுக்கணக்கில் வராத கப்பலுக்காகக் காத்திருக்கச் சொல்பவன் சொந்த அரசன். அவன் யாரிடம் போவான்?

செவில் காலத்துக்குப் பிந்தைய ஒரு சீர்திருத்தத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 1720ல் வந்த விதிப்படி மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல், கன அளவை அளந்து வரி போட்டார்கள். உள்ளே லேஸ் துணியோ முரட்டுத் துணியோ, ஒரே வரி. விளைவு? விலை உயர்ந்த, இடம் அடைக்காத வெளிநாட்டுச் சரக்குக்குக் கொண்டாட்டம், கனமான ஸ்பானியச் சரக்குக்குத் தண்டனை. வரி வசூல் சுலபம் என்பதற்காகச் சொந்த நாட்டு உற்பத்தியை மிதித்த விதி. சுங்கத்தில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அவர்கள்மேல் பரிதாபம்கூட வருகிறது, ஏனென்றால் மூட்டையைப் பிரித்தால் வியாபாரிகள் சங்கம் சண்டைக்கு வரும், கப்பல் நிற்கும், காலம் போகும்.

கடத்தலைத் தடுக்கக் கரைக்காவல் படகுகளை விட்டார்கள், சம்பளம் இல்லை, பிடித்த சரக்கில்தான் பங்கு. அதனால் கிடைத்த கப்பலையெல்லாம் பிடித்தார்கள். 1731ல் ராபர்ட் ஜென்கின்ஸ் என்ற ஆங்கிலேயக் கேப்டனின் காதை அறுத்தது அப்படி ஒரு படகுதான். அது நடந்தது. அவர் அந்தக் காதைப் பாராளுமன்றத்தில் எடுத்துக் காட்டினார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 1739ல் போர் மூண்டது, ஆங்கிலேயர் போர்ட்டோபெலோவைப் பிடித்து இடித்தார்கள், அந்தச் சந்தையும் அந்தப் பக்கக் கப்பல் கூட்டமும் அத்தோடு முடிந்தன. அதற்கப்புறம் தனித்தனிக் கப்பல்களுக்கு உரிமம் கொடுத்து, தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி அனுப்பினார்கள். வியாபாரம் செத்துவிடவில்லை, நன்றாகத்தான் நடந்தது. இரண்டு நூற்றாண்டாக இது இல்லாமல் முடியாது என்று சொன்ன ஏற்பாடு இல்லாமலே முடிந்தது.

1762ல் பெரிய அடி. ஆங்கிலேயர் ஹவானாவையும் மணிலாவையும் ஒரே ஆண்டில் பிடித்தார்கள். மணிலாவைப் பிடித்த படை கிளம்பியது மதராஸிலிருந்து, இங்கிருந்து போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலா பக்கத்தில் கைன்டா ஊரிலேயே தங்கிவிட்டார்கள், அவர்கள் வழிவந்தவர்களை இன்றும் அங்கே சொல்கிறார்கள். ஹவானா ஏறக்குறைய பதினொரு மாதம் ஆங்கிலேயர் கையில் இருந்தது, அந்தச் சில மாதத்தில் துறைமுகம் கண்ட வணிகம் ஸ்பெயினைத் திடுக்கிட வைத்தது. 700 கப்பல் வந்தது என்று பழைய புத்தகங்களில் பார்ப்பீர்கள், அந்த எண்ணை நம்ப வேண்டாம், பின்னால் எண்ணிப் பார்த்தவர்கள் அதில் சிறு பகுதிதான் தேறும் என்கிறார்கள். எண் எதுவானாலும் பாடம் புரிந்தது. 1765ல் கரீபியத் தீவுகளுக்கு ஸ்பெயினின் ஒன்பது துறைமுகங்களைத் திறந்தார்கள். 1778ல் சுதந்திர வணிக ஆணை வந்து பெரும்பாலான காலனிகளுக்கு விரிந்தது, மெக்சிகோவும் வெனிசுவேலாவும் 1789 வரை காத்திருந்தன. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: சுதந்திரம் ஸ்பானியத் துறைமுகங்களுக்குள்தான், அந்நியனுக்கு இல்லை. இதனால் ஸ்பெயினிலிருந்து போன ஏற்றுமதி இன்னும் பல மடங்கானது என்று முன்பு சொன்னார்கள், சரக்குப் பட்டியல்களை மறுபடி கூட்டிய ஆய்வு நான்கு மடங்கு என்றது. நான் பின்னதை எடுத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில்தான் என் பதிலின் மையம் இருக்கிறது. பூர்பன்கள், குறிப்பாக 1776லிருந்து காலனி அமைச்சராக இருந்த ஹோசே தே கால்வெஸ், கட்டுப்பாட்டை ஓரளவு உண்மையாகவே கொண்டுவந்தார்கள். பதவி விற்பனை நின்றது, ஸ்பெயினில் பிறந்தவர்கள் அதிகாரிகளாக வந்தார்கள், புகையிலை அரசு ஏகபோகம் ஆனது, விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 ஆனது, அந்திஸ் மலை ஊர்களில் புதுச் சுங்கச்சாவடிகள் முளைத்தன. வசூல் கூடியது. உடனே வெடித்தது. 1780 ஜனவரியில் பெருவின் அரெக்கிபாவில் சுங்கச்சாவடியை அடித்து நொறுக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் பழங்குடித் தலைவரான இரண்டாம் துபாக் அமாரு கலகத்தில் கிளம்பினார். அவர் சரக்கு ஏற்றும் தொழில் செய்தவர், சுமார் 350 கோவேறு கழுதைகள் வைத்திருந்தவர், பொட்டோசி வழித்தடம்தான் அவர் பிழைப்பு. 1776ல் பொட்டோசியைப் புவனஸ் அயர்ஸின் புதிய வைஸ்ராய் ஆட்சியோடு சேர்த்து, வழியெங்கும் சாவடியும் வைத்தால் அவரைப் போன்றவர்கள் என்ன ஆவார்கள்? பழங்குடி மக்கள் தலையில் சரக்கைக் கட்டாயமாக விற்றதும் சுரங்கக் கட்டாய வேலையும் அந்தக் கலகத்தின் பெரிய காரணங்கள், வரி மட்டுமே என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே இன்றைய கொலம்பியாவில் புகையிலைக்கும் விற்பனை வரிக்கும் எதிராக இன்னொரு கூட்டம் தலைநகரை நோக்கி நடந்தது. ஓட்டையோடு இருந்த காலத்தில் இந்த அளவுக்குக் கலகம் இல்லை.

அதனால் ‘ஏன் கட்டுப்படுத்த முடியவில்லை’ என்பதைவிட, கட்டுப்படுத்தாமல் விட்டதால்தான் அவ்வளவு காலம் கையில் இருந்தது என்று திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். இதை எல்லா ஆய்வாளர்களும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. நிர்வாகம் ஒழுங்காக இருந்திருந்தால் இன்னும் நீடித்திருக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு, 1808ல் நெப்போலியன் ஸ்பெயினுக்குள் புகாமல் இருந்திருந்தால் விடுதலையே தள்ளிப்போயிருக்கும் என்ற வாதத்தை என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை.

கடைசியில் நடந்தது மறுபடி புவனஸ் அயர்ஸில். 1797ல் ஆங்கிலக் கப்பற்படை காதிசை அடைத்தபோது, நடுநிலை நாட்டுக் கப்பல்கள் காலனிகளுக்குப் போகலாம் என்று ஸ்பெயினே அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று, பெரும்பாலும் வந்தவர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டார். 1809ல் புவனஸ் அயர்ஸுக்குப் புது வைஸ்ராயாக வந்தவர் சிஸ்னேரோஸ், 1805 டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலேயரோடு சண்டை போட்டவர். வந்து பார்த்தால் கருவூலம் காலி, படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை, ஆற்றில் ஆங்கிலேயச் சரக்குக் கப்பல்கள் காத்து நிற்கின்றன. எப்படியும் இரவில் இறங்கப்போகும் சரக்கு, பகலில் இறங்கினால் வரியாவது வருமே. அந்த நவம்பரில் துறைமுகத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டார். வரி நன்றாக வந்தது. ஆறு மாதம் கழித்து, 1810 மே 25ல், ஊர்க்காரர்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டுச் சுங்கத்தைத் தாங்களே வசூலிக்க ஆரம்பித்தார்கள்.